சின்னம் பொறித்த பழைய சீருடைகளை எங்கே அனுப்புவது? சென்னை நிறுவனங்களுக்கு ஓர் ஒப்பீடு

சென்னையில் நூறு பேருக்கு மேல் வேலை பார்க்கும் எந்த நிறுவனத்தின் ஸ்டோர் ரூமிலும் மேல்தட்டில் சில அட்டைப் பெட்டிகள் இருக்கும். பெயர் மாற்றத்துக்கு முன் அச்சடித்த போலோ டி-ஷர்ட்டுகள், வேலையை விட்டுப் போனவர்கள் திருப்பித் தந்த சீருடைகள், அளவு தவறித் தைக்கப்பட்டுத் தேங்கிவிட்ட கால்சட்டைகள், ஏதோ ஒரு வருட ஓட்டப் போட்டிக்கு வாங்கி மிஞ்சிய பனியன்கள் என எல்லாம் அவற்றில் கலந்து கிடக்கும். இடத்தைக் காலி செய்ய வேண்டிய நாள் நெருங்கும்போதுதான் அவற்றைப் பற்றி யாராவது யோசிக்கிறார்கள். அந்த அவசரத்தில் எல்லாவற்றையும் எடைக்குப் போட்டுவிடுகிறார்கள், அல்லது எல்லாவற்றையும் ஏதாவது ஓர் இல்லத்துக்குக் கொடுத்துவிடுகிறார்கள். இரண்டுமே சில துணிகளுக்குச் சரி, சில துணிகளுக்கு மிகத் தவறு.

முதலில், சின்னம் பொறித்த துணி வெளியே போவதைப் பற்றி எதற்காகப் பயப்படுகிறோம் என்பதைப் பிரித்துக்கொள்ள வேண்டும். கூரியர், உணவு டெலிவரி, இன்டர்நெட் இணைப்பு, கேஸ் சிலிண்டர், லிஃப்ட் பராமரிப்பு போன்ற வேலைகளில் சீருடைதான் நுழைவுச் சீட்டு. வேளச்சேரியிலோ அண்ணா நகரிலோ ஓர் அடுக்ககத்தின் வாசலில் நிற்கும் காவலாளி, பழகிய நிறத்தில் பழகிய எழுத்துள்ள சட்டையைக் கண்டதும் அடையாள அட்டையைக் கேட்காமலேயே கேட்டைத் திறந்துவிடுவார். அரசுப் பணியாளரின் உடையை ஏமாற்றும் நோக்கத்தோடு அணிவதற்குப் பாரதிய நியாய சன்ஹிதாவில் தனிப் பிரிவு இருக்கிறது. தனியார் நிறுவனச் சீருடைக்கு அப்படி ஒன்று கிடையாது. ஏமாற்று நடந்து முடிந்த பிறகு, ஆள்மாறாட்ட மோசடி என்ற பொதுப் பிரிவில் வழக்குத் தொடரலாம், அவ்வளவுதான். ஆகவே முன்கூட்டித் தடுக்கும் வேலை முழுக்க நிறுவனத்தின் தலையில்தான் விழுகிறது.

துணி வணிகம் செய்வோரின் கவலை வேறு. விற்காத சரக்கும் பிசிறுள்ள சரக்கும் பின்வாசல் வழியாகச் சந்தைக்குள் வந்து, கடையில் உள்ள சரக்கின் விலையைக் கெடுத்துவிடக் கூடாது என்பது அவர்கள் கணக்கு. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் ஆலைகளில் பயன்படும் தீத்தடுப்பு மேலங்கிகளுக்கும் ஒளிர்பட்டை வைத்த ஜாக்கெட்டுகளுக்கும் மூன்றாவது வகை ஆபத்து உண்டு: காலாவதியான ஒன்றை வேறொரு தொழிலாளி பாதுகாப்பானது என்று நம்பிப் போட்டுக்கொள்வது. இவை எதுவும் பொருந்தாத துணிதான் அளவில் அதிகம். பழைய மகாபலிபுரம் சாலை நிறுவனம் ஒன்றின் ஆண்டு விழா டி-ஷர்ட்டைப் போட்டுக்கொண்டு ஒருவர் கோயம்பேட்டில் மூட்டை இறக்கினால் அந்த நிறுவனத்துக்கு என்ன நஷ்டம் என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.

எல்லாவற்றையும் அழித்துவிட்டால் தொல்லை தீர்ந்தது என்ற எண்ணம் மேல்நாடுகளிலேயே செல்லுபடி இழந்து வருகிறது. பிரிட்டனின் பர்பெரி நிறுவனம் 2017-18 நிதியாண்டில் 2.86 கோடி பவுண்டு மதிப்புள்ள பொருள்களை அழித்ததாகத் தன் ஆண்டறிக்கையில் குறிப்பிட்டது. கண்டனம் கிளம்பியதும் 2018 செப்டம்பரில் அந்த வழக்கத்தையே கைவிடுவதாக அறிவித்தது. பிரான்ஸ் 2020-இல் இயற்றிய சட்டம் விற்காத துணிகளை அழிப்பதற்கு 2022 முதல் தடை போட்டது. ஐரோப்பிய ஒன்றியம் முழுமைக்குமான அதே மாதிரித் தடை, பெரிய நிறுவனங்களுக்கு 2026 ஜூலையிலிருந்து என்று விதிக்கப்பட்டிருக்கிறது. அணிந்து பழசான சீருடைக்கோ சென்னையில் தேங்கும் சரக்குக்கோ இந்தச் சட்டங்கள் நேரடியாகப் பொருந்துவதில்லை. ஆனால் ஐரோப்பாவில் தலைமையகம் உள்ள நிறுவனத்தின் சென்னைக் கிளை, எரித்துவிட்டோம் என்று ஒற்றை வரியில் கணக்கு முடிக்கும் காலம் போய்விட்டது.

இனி வழிகளைப் பார்ப்போம். மாநகராட்சிக் குப்பையோடு சேர்ப்பதை ஒரு வழியாகவே கருத வேண்டியதில்லை. கொடுங்கையூருக்கோ பெருங்குடிக்கோ போகும் முன்பே நல்ல துணி பிரித்தெடுக்கப்பட்டுவிடும், ஆக ரகசியமும் இல்லை. மக்காத பாலியஸ்டர் பல ஆண்டுகள் அங்கேயே கிடக்கும், ஆக பொறுப்பும் இல்லை.

காயலான் கடைக்கு எடைக்குப் போடுவதுதான் இன்றைக்கு மிகப் பரவலான வழி. செலவே கிடையாது, கொஞ்சம் பணமும் வரும், ஒரே நாளில் இடம் காலியாகும். பண்டல் போன பிறகு அது தரம் பிரிக்கப்படும். கிழிந்ததும் கறைபட்டதும் பட்டறைகளில் இயந்திரம் துடைக்கும் துணியாக விற்கும். அணியக்கூடியது அணிவதற்கே விற்கும், பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை போன்ற இடங்களில் அது கடை விரிக்கப்படலாம். இதில் வியாபாரியைக் குறை சொல்வதற்கு ஒன்றுமில்லை. துடைக்கும் துணியாகக் கிலோ கணக்கில் போவதைவிடச் சட்டையாகப் போனால் கூடுதல் காசு, அதுதான் அவர் தொழில். ‘வெட்டித்தான் விற்கணும்’ என்று வாய்மொழியாகக் கேட்டுக்கொண்டு முழுச் சட்டைகளை ஏற்றிவிடும் அலுவலகம்தான் தன்னை ஏமாற்றிக்கொள்கிறது. சின்னமே இல்லாத துணிக்கும், வாசலைத் தாண்டும் முன்பே வெட்டப்பட்ட துணிக்கும் இது நல்ல வழி. முழுச் சீருடைக்கு இதைவிட மோசமான வழி இல்லை.

தானம் கொடுப்பதில் மனத்திருப்தி அதிகம், கணக்கு குறைவு. 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் வட்டாரத்தில் லாரி லாரியாக வந்து இறங்கிய பழைய துணி, யாரும் எடுக்காமல் சாலையோரத்தில் குவிந்து கிடந்ததை அந்நாளில் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பெறுபவருக்கு எது தேவை என்று கேட்காமல் கொடுப்பது நம் குப்பையை அவர் வாசலில் இறக்குவதுதான். கூஞ்ச் போல, துணியைத் தரம் பிரித்து, அணிய முடியாததை வேறு பொருளாக மாற்றித் தரும் அமைப்புகளும் உண்டு. அத்தகைய அமைப்பிடம் போவதென்றால், எந்த வகைத் துணியை ஏற்கிறார்கள், சின்னத்தோடு உள்ளதை என்ன செய்கிறார்கள் என்று முன்கூட்டியே எழுத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

தானத்தில் வரிச் சிக்கல் இருப்பது பல மேலாளர்களுக்குத் தெரிவதில்லை. மத்திய ஜி.எஸ்.டி. சட்டத்தின் 17-ஆம் பிரிவு, 5-ஆம் உட்பிரிவின்படி, அழிக்கப்பட்ட பொருளுக்கும், கணக்கிலிருந்து தள்ளுபடி செய்யப்பட்ட பொருளுக்கும், இனாமாகக் கொடுக்கப்பட்ட பொருளுக்கும் உள்ளீட்டு வரி வரவு, அதாவது வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் வசதி, கிடையாது. விற்காத புதுச் சரக்கை அனாதை இல்லத்துக்குக் கொடுத்தாலும், எரித்தாலும், எடுத்த வரவைத் திருப்ப வேண்டியிருக்கும். வெட்டிய துணியாக வரி போட்டு விற்றால் அந்த வரவு நிற்கும். வருமான வரியில் நன்கொடைக்கான விலக்கும் பணமாகக் கொடுத்ததற்குத்தான், பொருளுக்கு இல்லை. பொருளாகக் கொடுத்ததை ரூபாயில் மதிப்பிட்டு சி.எஸ்.ஆர். (நிறுவன சமூகப் பொறுப்பு) செலவாகக் காட்டவும் முடியாது என்று கம்பெனி விவகார அமைச்சகம் 2021-இல் வெளியிட்ட விளக்கத்தில் சொல்லிவிட்டது. கொடுக்க வேண்டாம் என்று இதற்குப் பொருள் இல்லை. கொடுத்தால் வரி மிச்சமாகும் என்ற கணக்கில் கொடுக்க வேண்டாம்.

சின்னத்தை நீக்கிவிட்டுக் கொடுக்கலாமே என்பார்கள். எழுதுவது எளிது, செய்து பார்த்தால்தான் தெரியும். எம்ப்ராய்டரி சின்னமாக இருந்தால் துணியைத் திருப்பிப் போட்டு, உட்புறம் ஒட்டியிருக்கும் தாள் போன்ற தாங்குதுணியோடு சேர்த்துப் பின்பக்க நூலை பிளேடால் சுரண்டி அறுத்துவிட்டு, முன்பக்கத்திலிருந்து நூலை இழுத்து எடுக்க வேண்டும். கைதேர்ந்தவருக்கே ஒரு சின்னத்துக்குச் சில நிமிடங்கள் பிடிக்கும். எடுத்த பிறகும் ஊசி குத்திய துளைகள் வரிசையாகத் தெரியும். அதைவிடப் பெரிய தொல்லை நிறம்: வெயிலிலும் துவைப்பிலும் சட்டை முழுவதும் வெளுத்திருக்க, நூலுக்கு அடியில் இருந்த துணி மட்டும் பழைய நிறத்திலேயே இருக்கும். நூலை எடுத்த இடத்தில் சின்னத்தின் வடிவம் அப்படியே கருமையாகப் பதிந்திருக்கும். சற்றுத் தள்ளி நின்று பார்த்தாலும் எந்த நிறுவனம் என்று சொல்லிவிடலாம். ஸ்கிரீன் பிரின்ட் போட்ட டி-ஷர்ட்டில் நீக்குவது என்ற பேச்சுக்கே இடமில்லை. மேலே இன்னொரு அச்சு போட்டு மறைக்கலாம், அல்லது வேறு துணியை ஒட்டுப்போட்டுத் தைக்கலாம். ஆகவே, சின்னம் நீக்கித் தானம் என்பது குறைந்த எண்ணிக்கையில் உள்ள நல்ல, புதிய, விலை உயர்ந்த துணிக்கு மட்டும் கட்டுப்படியாகும்: ஹோட்டல் கோட்டுகள், குளிர்சட்டைகள், பள்ளிச் சீருடைத் துணி போன்றவை.

அழிக்கும் வழிகளின் பக்கம் வருவோம். போகிக்குப் பழைய துணியைக் கொளுத்தும் ஊர் நம்முடையது. 2018-ஆம் ஆண்டு போகியன்று எழுந்த புகைமூட்டம் சென்னை விமான நிலையத்தில் விமானங்கள் ரத்தாகும் அளவுக்குப் போனது. திறந்தவெளியில் குப்பை எரிப்பதை 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளே தடை செய்துவிட்டன. ஆலை வளாகத்தின் பின்புறம் வைத்துக் கொளுத்திவிட்டு, ‘அழிக்கப்பட்டது’ என்று ரிஜிஸ்டரில் எழுதும் வழக்கம் இன்னும் இருக்குமானால் அது உடனே நிறுத்தப்பட வேண்டியது.

முறையான எரிப்பு என்றால் சிமென்ட் ஆலைச் சூளைதான். பெருங்குடியில் பழைய குப்பையைத் தோண்டிப் பிரிக்கும்போது வெளிவரும் துணியும் பிளாஸ்டிக்கும் எரிபொருளாக சிமென்ட் ஆலைகளுக்கே போகின்றன. அரியலூர் வட்டாரத்து ஆலைகள் சென்னையிலிருந்து ஏறத்தாழ 270 கிலோமீட்டர். சூளைக்குள் சுண்ணாம்புக் கலவை 1,450 டிகிரி செல்சியஸ் வரை சூடேறுவதால் துணி மிச்சமின்றி எரியும். சாம்பலும் கிளிங்கரோடு (அரைத்தால் சிமென்ட் ஆகும் கட்டி) கலந்துவிடுவதால் தனியாகக் கொட்டவும் வேண்டியதில்லை. பாலியஸ்டர் கலந்த துணிக்கு நல்ல எரிதிறன் உண்டு, நிலக்கரி அந்த அளவுக்கு மிச்சம். பாதுகாப்பு என்று மட்டும் பார்த்தால் இதை விஞ்ச வேறு வழி இல்லை. ஆனாலும் இரண்டு குறைகள் உண்டு. டி-ஷர்ட் அச்சில் பரவலாகப் பயன்படும் பிளாஸ்டிசால் மையில் பி.வி.சி. இருக்கிறது, அதிலிருந்து வரும் குளோரின் சூளைக்கு ஆகாது என்பதால் ஆலைகள் அதற்கு வரம்பு வைக்கின்றன. அடுத்தது, ஆலைக்கு முழு லாரி லோடு வேண்டும். சிறு நிறுவனத்தின் அரை டன் துணி யாரோ ஓர் இடைத்தரகரின் கிடங்கில் மற்றவர் சரக்கோடு காத்திருக்கும்; அந்தக் காத்திருப்பில்தான் நல்ல சட்டைகள் நழுவுகின்றன.

நான்காவது வழி, வெட்டித் துண்டாக்கி நாராக்குவது. நீண்ட காலமாக ஹரியானாவின் பானிபட் பழைய கம்பளித் துணியைப் பிய்த்துப் போர்வையாக்கி வருகிறது. நமக்குப் பக்கத்தில் திருப்பூர் வெட்டுக்கழிவைப் பஞ்சாக்கி நூலாக்கும் ஓப்பன் எண்ட் மில்கள் (குட்டை நாரையும் நூற்கும் ஆலைகள்) கொங்கு வட்டாரம் முழுவதும் இருக்கின்றன. நிறம் பிரித்து அரைத்தால் மறுபடி சாயம் போட வேண்டியதில்லை என்பது இந்தத் தொழிலின் பெரிய லாபம். ஆனால் அந்த மில்கள் விரும்பும் கழிவு வேறு, நம்மிடம் உள்ள துணி வேறு. புதிதாக வெட்டிய, ஒரே நிறத்து, முழுப் பருத்தி பனியன் துண்டு அவர்களுக்கு வேண்டும். நம் சீருடைப் பேன்ட் பாலியஸ்டரும் விஸ்கோஸும் கலந்தது, சட்டை பாலியஸ்டரும் பருத்தியும் கலந்தது, டி-ஷர்ட்டில் சில சமயம் எலாஸ்டேன் என்ற இழுபடும் நாரும் இருக்கும். கலப்பு நூலை இயந்திரத்தால் பிரிக்க முடியாது. ஆகவே பருத்தி டி-ஷர்ட் மட்டும் நூலாகத் திரும்ப வாய்ப்பு உண்டு. அதிலும் நார் குட்டையாகிவிடுவதால் மாப், தரைவிரிப்பு, வேலைக் கையுறை போன்ற தடித்த நூல் வேலைகளுக்கே உதவும். மற்றவை ஃபெல்ட் என்ற அழுத்திய நார் விரிப்பாகவும் மெத்தைக்குள் திணிக்கும் பஞ்சாகவும் போகும். சட்டை மறுபடி சட்டையாகிவிடும் என்று விளம்பரப் பிரசுரத்தில் போடும் முன், வாங்குபவரிடம் என்ன பொருளாகிறது என்று கேட்பது நல்லது.

பாதுகாப்புக் கோணத்தில் இந்த வழியின் பலம், சட்டை சட்டையாக இருப்பது எந்த இடத்தில் முடிகிறது என்பதை நாமே தீர்மானிக்கலாம் என்பதுதான். காகிதம் கிழிக்கும் இயந்திரத்தில் துணியைப் போட முடியாது. நூல் தண்டில் சுற்றிக்கொண்டு இயந்திரம் நின்றுவிடும். ஆனால் அதற்கு ஆலை அளவு இயந்திரமும் தேவையில்லை. தையற்கூடங்களில் அடுக்குத் துணி வெட்டப் பயன்படும் மின் கத்தி ஒன்று இருந்தால், பத்து இருபது டி-ஷர்ட்டுகளை அடுக்கி, நெஞ்சுப் பகுதியையும் முதுகுப் பகுதியையும் ஒரே வெட்டில் தனியாக்கிவிடலாம். சின்னமுள்ள துண்டுகள் ஒரு சாக்கு, மற்றது ஒரு சாக்கு. சின்னத் துண்டுகள், மொத்த எடையில் சிறு பங்குதான், சூளைக்குப் போகட்டும். மீதி முழுவதும், பொத்தானும் ஜிப்பும் கழற்றிய பிறகு, துடைக்கும் துணிக்கோ பஞ்சுக்கோ போகட்டும். வளாகத்துக்குள் வெட்டு முடிந்துவிட்டால், அதற்குப் பிறகு எந்தக் கிடங்கில் எத்தனை நாள் கிடந்தாலும் கவலை இல்லை. மற்ற எல்லா வழிகளையும்விட இதை நான் முன்வைப்பதற்கு இதுவே காரணம்.

வெளியாளிடம் வெட்டக் கொடுப்பவர்கள் ‘அழிப்புச் சான்றிதழ்’ என்ற தாளை அதிகம் நம்புகிறார்கள். அந்தத் தாளில் எடை இருக்கும். 180 கிராம் எடையுள்ள டி-ஷர்ட் என்றால் ஒரு டன்னுக்கு ஐயாயிரத்து ஐந்நூறுக்கு மேல் வரும். லாரி எடைமேடைகள் பலவும் 5 அல்லது 10 கிலோ படிகளில்தான் காட்டும்; 10 கிலோ என்பது ஐம்பதுக்கு மேற்பட்ட டி-ஷர்ட். அவ்வளவும் நழுவினாலும் சீட்டில் தெரியாது. போதாதற்குப் பருத்தி ஈரம் உறிஞ்சும்: குளிரூட்டிய அறையில் எடை போட்ட பண்டல், ஐப்பசி மழையில் மாதவரம் கிடங்கில் ஒரு வாரம் கிடந்தால் சில சதவீதம் கூடிவிடும், நடுவில் எடுக்கப்பட்டதை அந்த ஈரமே ஈடுகட்டிவிடும். அதனால் முழுச் சீருடை வெளியே போவதென்றால் எடையோடு எண்ணிக்கையும் வேண்டும்: எண் போட்டுச் சீல் வைத்த சாக்குகள், சாக்குக்கு இத்தனை உருப்படி என்ற பட்டியல், வெட்டும் இடத்தில் சீல் உடைக்கும்போது நம் ஆள் ஒருவர். அவரை அனுப்ப மனமில்லாத நிறுவனம், சான்றிதழுக்குக் கொடுக்கும் பணத்தையும் மிச்சம் பிடித்துக்கொள்ளலாம்.

பைகளாகவும் லேப்டாப் உறைகளாகவும் தைக்கும் மகளிர் சுய உதவிக் குழுக்களுக்குக் கொடுப்பது அழகான யோசனை, ஆனால் அளவு சிறியது. சின்னத்தை மறைக்காமல் அதையே அலங்காரமாக வைத்து நம் ஊழியருக்கே திருப்பிக் கொடுக்கும் பொருளுக்கு இது பொருந்தும். ஆயிரக்கணக்கில் தேங்கியிருப்பவர்கள் இதை நம்பிக் காத்திருக்கக் கூடாது.

சில துணிகளுக்குத் தேர்வே கிடையாது, சட்டம் முன்பே தீர்மானித்துவிட்டது. அம்பத்தூர்ப் பட்டறைகளில் எண்ணெயில் ஊறிய துடைப்புத் துணி அபாயகரக் கழிவு விதிகளின் பட்டியலில் இருக்கிறது. அதே நிலைக்கு வந்துவிட்ட மேலங்கியையும் அந்தக் கணக்கில் சேர்த்து, அனுமதி பெற்றவரிடம் கொடுப்பதே முறை. மருத்துவமனையில் ரத்தமோ உடல் திரவமோ பட்ட துணி உயிர்மருத்துவக் கழிவில் மஞ்சள் பைக்குரியது. இரண்டையும் பொதுக் குவியலில் கலந்தால் குவியல் முழுவதும் கெடும்.

ஆக, டெலிவரி, பராமரிப்பு, காவல் பணிச் சீருடைகள் வளாகத்துக்குள்ளேயே வெட்டப்பட வேண்டும், விதிவிலக்கு வேண்டாம். துணிக்கடையின் விற்காத சரக்கில் முதலில் வேறு ஊர்க் கிளையில் விற்க முடியுமா என்று பார்த்து, முடியாததன் லேபிளை அறுத்து வெட்டிய துணியாக வரி போட்டு விற்பது கணக்குக்கும் நல்லது. ஆண்டு விழா டி-ஷர்ட்டை ஊழியரிடமே கொடுத்துவிடுங்கள். மிஞ்சியதைக் கேட்கும் அமைப்புக்குச் சின்னத்தோடேயே கொடுத்தாலும் கெட்டுப்போகப் போவதில்லை. காலாவதியான பாதுகாப்பு உடையைத் தானத்துக்கு நினைக்கவே வேண்டாம், வெட்டிச் சூளைக்கு அனுப்பலாம். பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டவற்றில் சந்தை மதிப்பில் முதல் ஆயிரம் நிறுவனங்கள், சந்தையைக் கண்காணிக்கும் செபிக்குத் தரும் நிலைத்தன்மை அறிக்கையில் எவ்வளவு கழிவு மறுசுழற்சிக்குப் போனது, எவ்வளவு எரிக்கப்பட்டது என்று தனித்தனியே காட்ட வேண்டியிருப்பதால், சாக்குகளைப் பிரித்து எடை போட்டு வைப்பது அங்கேயும் உதவும்.

அடுத்த ஆர்டர் கொடுக்கும்போது தையல்காரரிடம் சொல்லக்கூடிய ஒன்று உண்டு. சின்னத்தை நெஞ்சில் நேரடியாக எம்ப்ராய்டரி போடாமல் தனி ஒட்டுத்துணியில் போட்டு, ஓரத்தில் ஒற்றைத் தையலாகவோ வெல்க்ரோவாகவோ பிடிக்கச் சொன்னால், கழற்றுவது நொடி வேலை. வேலையை விடும்போது முழுச் சட்டையைத் திரும்பக் கேட்பதற்குப் பதில், கணக்கு முடிக்கும் படிவத்தில் அந்த ஒட்டுத்துணியை மட்டும் எண்ணி வாங்கலாம். ஒப்பந்த நிறுவனம் அனுப்பும் ஆட்கள் நம் சின்னத்தோடு வேலை செய்யும் இடங்களில், ஒட்டுத்துணி திரும்பி வராத ஒவ்வொன்றுக்கும் பில்லில் பிடித்தம் என்று ஒரு வரியை ஒப்பந்தத்தில் சேர்க்க வேண்டும்.